ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்: டேட்டாபேஸ் எதைக் கூப்பிடும்?

ஆரக்கிள் டேட்டாபேஸில் பல வருடமாக ஓடிய அப்ளிகேஷனை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை சென்னை ஓஎம்ஆர் பக்கத்து அலுவலகங்களில் இப்போது சாதாரணம். டேபிள் நகர்ந்துவிடும், டேட்டாவும் நகர்ந்துவிடும். கடைசியில் உயிரை வாங்குவது ஃபங்ஷன்கள்தான், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்கள். நேற்றுவரை ஓடிய அழைப்புக்கு ‘ஃபங்ஷன் இஸ் நாட் யூனிக்’ என்று பதில் வருகிறது. அதைவிட மோசம், பிழையே வராமல் தொகை மட்டும் மாறி வருவது. இந்த இரண்டுக்கும் பின்னால் அடிக்கடி இருப்பது ஓவர்லோடிங். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபங்ஷன்கள் இருப்பதும், அவற்றில் எது ஓட வேண்டும் என்பதை டேட்டாபேஸே முடிவு செய்வதும்தான் அது.

கட்டளைகளையும் டைப் (மதிப்பு எண்ணா, எழுத்தா, தேதியா என்ற வகை) பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கன்சோலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். ஃபங்ஷன் பெயர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போஸ்ட்கிரெஸில் யூடிஎஃப்-8 டேட்டாபேஸாக இருந்தால் ‘கட்டணம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், மேற்கோள் குறிகூடத் தேவையில்லை.

## முதலில் நான்கு சொற்கள்

பாராமீட்டர்: ஃபங்ஷனை எழுதும்போது அது வாங்கிக்கொள்ளும் என்று அறிவிக்கும் இடம். அதற்கு ஒரு பெயரும் ஒரு டைப்பும் உண்டு.

ஆர்க்யூமென்ட்: அழைக்கும்போது அந்த இடத்தில் நாம் கொடுக்கும் மதிப்பு. அதன் டைப் பாராமீட்டரின் டைப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. குழப்பமெல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சிக்னேச்சர்: ஃபங்ஷனின் பெயர், உள்ளே வரும் பாராமீட்டர்களின் டைப்புகள், அவற்றின் வரிசை ஆகியவை சேர்ந்தது.

காஸ்ட்: ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றுவது. நாம் கேட்டால் மட்டும் நடப்பது ஒரு வகை. இன்சர்ட், அப்டேட்டில் டேபிளின் காலத்துக்குள் (நெடுவரிசைக்குள்) மதிப்பைப் போடும்போது மட்டும் தானாக நடப்பது இரண்டாவது. எங்கு வேண்டுமானாலும் தானாக நடப்பது மூன்றாவது. ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் வருவது இந்த மூன்றாவது வகை மட்டுமே.

போஸ்ட்கிரெஸில் ஒரு ஃபங்ஷனின் அடையாளம் அதன் பெயர் அல்ல, சிக்னேச்சர். ‘பிஜி_ப்ராக்’ என்ற கேட்டலாக் டேபிளில் பெயர், உள்ளீட்டு டைப்புகள், ஸ்கீமா (டேபிள்களையும் ஃபங்ஷன்களையும் பிரித்து வைக்கும் உட்பிரிவு) ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தனித்தன்மை இண்டெக்ஸ். திருப்பித் தரும் டைப் அதில் இல்லை. பாராமீட்டரின் பெயரும் இல்லை. நியூமெரிக்(10,2) என்ற தசம எண் டைப்பிலும் வார்ச்சார்(20) என்ற எழுத்து டைப்பிலும் நாம் எழுதும் அளவுகளும் இல்லை. அவற்றை போஸ்ட்கிரெஸ் ஓசையின்றித் தள்ளிவிடும். ஆகவே வார்ச்சார்(10) வாங்குவது ஒன்று, வார்ச்சார்(50) வாங்குவது ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ள வழியில்லை.

## எந்த டேட்டாபேஸில் உண்டு, எதில் இல்லை

1. போஸ்ட்கிரெஸ்: முழுமையாக உண்டு. டிபி2-விலும் ஸ்னோஃப்ளேக்கிலும் உண்டு. டிபி2-வில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ‘ஸ்பெசிஃபிக்’ என்று தனிப்பெயர் வைக்கலாம். நீக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

2. ஆரக்கிள்: தனியாக நிற்கும் ஃபங்ஷனுக்கு இல்லை, பேக்கேஜுக்குள் (ஃபங்ஷன்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) உண்டு. இன்டிஜரும் ரியலும் ஆரக்கிளுக்கு நம்பரின் கிளைகள், ஒரே குடும்பம். எனவே அவற்றை மட்டும் வைத்து வித்தியாசப்படுத்த முடியாது. கவனிக்க வேண்டியது இது: அப்படிப்பட்ட பேக்கேஜை எழுதும்போது கம்பைலர் வாய் திறக்காது. யாராவது அழைக்கும்போதுதான் பிஎல்எஸ்-00307 வரும். பாராமீட்டரின் பெயர் மட்டும் வேறுபட்டாலும் ஆரக்கிள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

3. எஸ்கியூஎல் சர்வர்: இல்லை. ஒரு ஸ்கீமாவில் ஒரு பெயருக்கு ஒரே பொருள். இரண்டாவதாக உருவாக்கப் போனால் 2714 என்ற பிழை. பாராமீட்டருக்கு டீஃபால்ட் மதிப்பு (எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வது) வைக்கலாம், ஆனால் ஒரே மதிப்பைத் தரும் ஸ்கேலர் ஃபங்ஷனை செலெக்ட்டில் அழைக்கும்போது அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. ‘டீஃபால்ட்’ என்ற சொல்லை எழுதியே ஆக வேண்டும். ஒரு பாராமீட்டரைக் கூட்டினால் பழைய அழைப்புகள் எல்லாம் 313 என்ற பிழையோடு விழும்.

4. மைஎஸ்கியூஎல்: இல்லை. பிழை எண் 1304.

5. எஸ்கியூலைட்: பாதி உண்டு. ஃபங்ஷன்களை சி, பைத்தான் போன்ற மொழிகளிலிருந்து பதிவு செய்கிறோம். ஆர்க்யூமென்ட்களின் எண்ணிக்கை வேறானால் ஒரே பெயரில் பல பதியலாம். டைப்பை வைத்துப் பிரிக்க வழியில்லை.

இனி வருவது பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் பற்றியது. அங்கேதான் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

## ஆட்டோ கட்டணத்தை வைத்துப் பார்ப்போம்

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு ரூ.25, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ரூ.12. ரோட்டில் அந்தக் கட்டணம் எவ்வளவு செல்லுபடியானது என்பது ஊருக்கே தெரியும். கணக்குக்கு எளிது என்பதால் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒருவர் கிலோமீட்டரை வாங்கும் ஃபங்ஷனை எழுதுகிறார்: கட்டணம்(கி_மீ நியூமெரிக்). பிறகு ஜிபிஎஸ் கருவி தூரத்தை மீட்டரில் முழு எண்ணாகத் தருகிறது என்பதால் இன்னொருவர் அதே பெயரில் இரண்டாவதை எழுதுகிறார்: கட்டணம்(மீட்டர் இன்டிஜர்). டைப் வேறு என்பதால் போஸ்ட்கிரெஸ் தடுக்காது. இப்போது அழைத்துப் பார்ப்போம்.

1. கட்டணம்(5.0): புள்ளி இருப்பதால் இது நியூமெரிக். கிலோமீட்டர் ஃபங்ஷன் ஓடும். 1.8 போக 3.2 கிலோமீட்டர், 12 வீதம் 38.40, மொத்தம் ரூ.63.40. சரி.

2. கட்டணம்(5): புள்ளி இல்லாததால் இன்டிஜர். மீட்டர் ஃபங்ஷன் ஓடும். ஐந்து மீட்டர் பயணத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.25. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை.

3. கட்டணம்('5'): மேற்கோளுக்குள் இருப்பதற்கு இன்னும் டைப் கிடையாது. இரண்டு ஃபங்ஷனும் பொருந்தும், எதற்கும் முன்னுரிமை இல்லை. பிழை எண் 42725, அதாவது ‘நாட் யூனிக்’.

4. கட்டணம்(நல்): நல் என்றால் மதிப்பே இல்லை என்பதன் குறி. வெறும் நல்லுக்கும் டைப் இல்லை. அதே பிழை.

5. ஸ்மால்இன்ட் (சிறிய முழு எண்) காலம் ஒன்றைக் கொடுத்தால்: அது இன்டிஜராகவும் தானாக மாறும், நியூமெரிக்காகவும் தானாக மாறும். மறுபடி 42725.

6. டபுள் பிரிசிஷன் (தோராயமாகச் சேமிக்கப்படும் தசம எண்) காலத்தைக் கொடுத்தால்: அதிலிருந்து இன்டிஜருக்கோ நியூமெரிக்குக்கோ இந்த இடத்தில் தானாக மாற வழியில்லை. 42883, ‘ஃபங்ஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’. கண்ணெதிரே இரண்டு இருக்கும்போது அப்படி ஒன்றே இல்லை என்று சொல்வது புதியவர்களைத் திகைக்க வைக்கும்.

7. பிக்இன்ட் (பெரிய முழு எண்) காலத்தில் மீட்டர் கணக்கு 5000 இருந்தால்: பிக்இன்ட் தானாக இன்டிஜராகச் சுருங்காது, ஆனால் தானாக நியூமெரிக்காக விரியும். எனவே ஓடுவது கிலோமீட்டர் ஃபங்ஷன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ரூ.60,003.40.

ஏழாவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. இன்டிஜர் காலம் போதவில்லை என்று ஒரு நாள் அதை பிக்இன்ட்டாக மாற்றுவார்கள். ஃபங்ஷனில் யாரும் கை வைக்கவில்லை, அழைக்கும் வரியிலும் ஓர் எழுத்து மாறவில்லை. பில் மட்டும் ஆயிரம் மடங்கு தூரத்துக்கு வரும்.

## தேர்வு எப்படி நடக்கிறது

போஸ்ட்கிரெஸ் போகும் வழி இது. சில சிறு கிளைகளை விட்டிருக்கிறோம்.

1. தேடல் பாதையில் (எந்த ஸ்கீமாக்களில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல்) உள்ள ஸ்கீமாக்களில் அந்தப் பெயரும் அத்தனை ஆர்க்யூமென்ட்டும் பொருந்துபவற்றை எல்லாம் திரட்டும். டீஃபால்ட் இருப்பதால் குறைவான ஆர்க்யூமென்ட்டோடு அழைக்கக்கூடியவையும் இதில் சேரும்.

2. எல்லா டைப்பும் அப்படியே பொருந்தும் ஒன்று இருந்தால் அதுவே. தேடல் முடிந்தது.

3. இல்லையென்றால், தானாக மாற்றி நிரப்ப முடியாதவற்றைக் கழிக்கும். டொமைன் டைப்பாக (இருக்கும் டைப்பின் மேல் நாமே வரையறுத்தது) இருந்தால் அதன் அடிப்படை டைப்பாக எண்ணிக்கொள்ளும்.

4. மிச்சத்தில் அதிக இடங்களில் அப்படியே பொருந்துபவற்றை வைத்துக்கொள்ளும்.

5. இன்னும் பல இருந்தால், மாற்றம் தேவைப்படும் இடங்களில் அந்த வகையின் ‘விருப்ப டைப்’பை வாங்குபவற்றுக்கு முன்னுரிமை.

6. டைப் தெரியாத மேற்கோள் மதிப்புகள் இருந்தால், அந்த இடத்தில் ஏதேனும் ஒரு ஃபங்ஷன் எழுத்து வகையை வாங்குமானால் எழுத்து வகைக்கே சாயும். இல்லையென்றால் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும்; அதற்குள் விருப்ப டைப் வெல்லும்.

7. அதற்குப் பிறகும் ஒன்று மட்டும் நிற்கவில்லை என்றால் 42725.

ஐந்தாவது படியில் பலர் அறியாமல் அடிபடுகிறார்கள். எண் வகையில் விருப்ப டைப் டபுள் பிரிசிஷன். தேதி வகையில் டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன். எழுத்து வகையில் டெக்ஸ்ட். பணக் கணக்குக்கு நியூமெரிக் ஒன்றும் டபுள் பிரிசிஷன் ஒன்றும் வைத்துவிட்டு, முழு எண்ணைக் கொடுத்து அழைத்தால் ஓடுவது டபுள் பிரிசிஷன்தான். நியூமெரிக் பாதுகாப்பானது, அதையே எடுக்கும் என்று நம்பியிருந்தால் ஏமாற்றம்.

இதற்கு, தசம எண்ணை அருகிலுள்ள முழு எண்ணாக்கும் போஸ்ட்கிரெஸின் சொந்த ‘ரவுண்ட்’ ஃபங்ஷனே சாட்சி. அதற்கு ஒரே ஆர்க்யூமென்ட்டோடு இரண்டு வடிவங்கள், நியூமெரிக்குக்கு ஒன்று, டபுள் பிரிசிஷனுக்கு ஒன்று. ரவுண்ட்(5) என்று முழு எண்ணைக் கொடுத்து, விடையின் டைப்பை பிஜி_டைப்ஆஃப் வைத்துப் பார்த்தால் டபுள் பிரிசிஷன் என்று வரும். இரண்டும் ஒரே மாதிரி ரவுண்ட் செய்பவையும் அல்ல. நியூமெரிக்காக 2.5-ஐக் கொடுத்தால் 3. டபுள் பிரிசிஷனாகக் கொடுத்தால் பெரும்பாலான கணினிகளில் 2, ஏனென்றால் அங்கே சரிபாதி வந்தால் இரட்டை எண்ணின் பக்கம் போகும். மூன்றாவதாக, இத்தனை தசம இடம் என்று சொல்லும் இரண்டு ஆர்க்யூமென்ட் வடிவம் நியூமெரிக்குக்கு மட்டுமே உண்டு. டபுள் பிரிசிஷன் காலத்தை இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்யப் போய் ‘டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ வாங்காத போஸ்ட்கிரெஸ்காரர் குறைவு. காலத்துக்குப் பின்னால் ::நியூமெரிக் போட்டால் தீரும்.

இரண்டு வடிவங்களின் நடத்தை குறிச்சொற்களும் வேறாக இருக்கலாம். ‘டேட்_ட்ரங்க்’ டைம் ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்ப்புக்கு இம்யூட்டபிள், அதாவது அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை. டைம் ஸோன் உள்ளதற்கு வெறும் ஸ்டேபிள், ஒரு குவெரி ஓடி முடியும்வரை மட்டுமே அந்த உறுதி. ஒரு டேபிளில் அதை வைத்து இண்டெக்ஸ் போட முடிகிறது, பக்கத்து டேபிளில் அதே வரி மறுக்கப்படுகிறது என்றால் காலத்தின் டைப்பைப் பாருங்கள்.

## மேற்கோளுக்குள் இருக்கும் தேதி

ஆறாவது படியின் விளைவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பழைய புரோகிராம் கோடு தானாக வேறு பாதைக்குத் திரும்பிவிடும்.

நிதியாண்டு(டேட்) என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நிதியாண்டு('2025-04-01') என்று அழைத்தால் 2025-26 என்று தரும். ரிப்போர்ட், வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி), மாதாந்திர ஜாப் என்று பல இடங்களில் இப்படியே எழுதியிருக்கிறார்கள். பிறகு எக்செல் ஃபைலில் நாள்-மாதம்-வருடம் என்ற வரிசையில் தேதிகள் வருகின்றன என்று ஒருவர் நிதியாண்டு(டெக்ஸ்ட்) என்ற வடிவத்தைச் சேர்க்கிறார். அந்த நிமிடத்திலிருந்து, மேற்கோளுக்குள் தேதி கொடுத்துப் புதிதாக எழுதப்படும் அழைப்பு ஒவ்வொன்றும் டெக்ஸ்ட் வடிவத்துக்கே போகும். வருடத்தை முதலில் வைத்த பழைய அழைப்புக்கு அது பிழையோ தப்பான விடையோ தரும்.

டெக்ஸ்டுக்குப் பதிலாக டைம் ஸோன் உள்ள டைம்ஸ்டாம்ப் வடிவத்தைச் சேர்த்தாலும் நிம்மதி இல்லை. அது தேதி வகையின் விருப்ப டைப் என்பதால் மேற்கோள் தேதி அங்கேதான் போகும். செஷன் இந்திய நேரத்தில் இருந்தால் '2025-04-01' என்பது நம் நள்ளிரவு. உள்ளே யூடிசிக்கு மாற்றினால் மார்ச் 31 மாலை 6:30. முந்தைய நிதியாண்டு.

வியூக்கள் தப்பிக்கும். வியூ, இண்டெக்ஸ், ஜெனரேட்டட் காலம் ஆகியவை உருவாகும்போதே எந்த ஃபங்ஷன் என்று முடிவாகி, அதன் உள் எண்ணோடு சேமிக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸின் நிரல் மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதிய ஃபங்ஷனின் உடல் அப்படியல்ல. அது எழுத்தாகவே கிடக்கும், ஒவ்வொரு செஷனிலும் முதல் முறை ஓடும்போது தீர்மானமாகும். ஆகவே ஒரே ரிப்போர்ட் எண், வியூ வழியாக ஒன்றும் ஃபங்ஷன் வழியாக இன்னொன்றும் வரலாம். கனெக்ஷன் பூலில் முன்பே திறந்து கிடக்கும் செஷன் பழையதை அழைக்க, புதிய செஷன் புதியதை அழைப்பதும் நடக்கக்கூடியதே. ‘சில சமயம் சரியா வருது, சில சமயம் தப்பா வருது’ என்ற டிக்கெட் இப்படியும் வரும்.

## ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ்’: ஒரே வரி, எதிரெதிர் விளைவு

ஆரக்கிளிலிருந்து வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே.

ஆரக்கிளில் தனி ஃபங்ஷன் ஒன்றுக்கு ஒரு பாராமீட்டரைக் கூட்டி ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ்’ ஓட்டினால் பழையது போய்ப் புதியது வரும். போஸ்ட்கிரெஸில் அதையே செய்தால் சிக்னேச்சர் மாறிவிட்டது. ரீப்ளேஸ் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. புதியது உருவாகும், பழையதும் இருக்கும். கட்டளை வெற்றி என்றே காட்டும்.

கட்டணம்(நியூமெரிக்) இருக்கும்போது, இரவுக் கூடுதலுக்காக கட்டணம்(நியூமெரிக், பூலியன் டீஃபால்ட் ஃபால்ஸ்) என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டீஃபால்ட் இருப்பதால் பழைய அழைப்புகள் பாதிக்காது என்பது எழுதியவரின் கணக்கு. நடப்பது நேர்மாறு. கட்டணம்(5.0) என்ற அழைப்புக்கு இப்போது இரண்டுமே பொருந்தும், ஒன்றில் டீஃபால்ட்டை நிரப்பி. எதை எடுப்பது என்று போஸ்ட்கிரெஸ் ஊகிக்காது. 42725 கொடுத்து நிறுத்திவிடும். இப்படி முகத்தில் அடித்தாற்போல் நிற்பது நல்லதுதான் என்பேன். ஆட்டோ உதாரணத்தின் ஏழாவது அழைப்போடு ஒப்பிட்டால் இது கருணை.

சிக்னேச்சர் மாறாமல் வேறு சிலவற்றை மாற்றினால் ரீப்ளேஸ் மறுத்துவிடும். திருப்பித் தரும் டைப்பை மாற்ற முடியாது. உள்ளீட்டு பாராமீட்டருக்கு வைத்த பெயரை மாற்ற முடியாது. இருக்கும் டீஃபால்ட்டை எடுக்க முடியாது. மூன்றுக்கும் முதலில் டிராப் செய்யத்தான் வேண்டும்.

பாராமீட்டர் கூட்ட இரண்டு வழிகள் உண்டு.

டிராப் செய்து புதிதாக உருவாக்குவது. போஸ்ட்கிரெஸில் இந்தக் கட்டளைகளும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்கும். பிகின், பழையதை டைப்போடு சொல்லி டிராப், புதியதை கிரியேட், கமிட் என்ற வரிசையில் செய்தால் நடுவில் ஃபங்ஷன் இல்லாத கணமே வெளியே தெரியாது. இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். பழையதை நம்பி வியூ இருந்தால் டிராப் மறுக்கும். அவசரத்தில் ‘கேஸ்கேட்’ சேர்த்தால் வியூவும் சேர்ந்து போய்விடும். இரண்டாவது, அனுமதிகள் பழைய ஃபங்ஷனோடு போய்விடும். புதிதாக உருவாகும் ஃபங்ஷனை ஓட்டும் உரிமை வழக்கமாக எல்லோருக்கும் திறந்தே இருக்கும். முன்பு ‘ரிவோக்’ செய்து அடைத்து வைத்திருந்தால், அதே டிரான்சாக்ஷனில் மறுபடி அடைக்க வேண்டும்.

பழையதை மெல்லிய உறையாக வைப்பது. இரண்டு பாராமீட்டர் வடிவத்தில் டீஃபால்ட் வைக்காதீர்கள். ஒரு பாராமீட்டர் வடிவத்தின் உடலை, மற்றதை ஃபால்ஸோடு அழைக்கும் ஒரே வரியாக மாற்றுங்கள். சூத்திரம் ஓர் இடத்தில் இருக்கும், பழைய அழைப்பு அப்படியே ஓடும், குழப்பத்துக்கும் இடமில்லை. அழைப்பவர்கள் பல டீமில் சிதறிக் கிடந்தால் இதுவே மேல்.

## டிரைவர் என்ன டைப்பை அனுப்புகிறது

கன்சோலில் சோதித்தபோது சரி, அப்ளிகேஷனிலிருந்து தப்பு என்றால் டிரைவரை, அதாவது அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருளை, சந்தேகியுங்கள். கன்சோலில் நாம் எழுதுவது வெறும் எழுத்து. டிரைவர் ஒவ்வொரு மதிப்போடும் ஒரு டைப்பையும் ஒட்டி அனுப்பலாம்.

ஜாவாவின் ஜேடிபிசி டிரைவரில் செட்இன்ட் இன்டிஜரை அனுப்பும், செட்லாங் பிக்இன்ட்டை அனுப்பும். கோடில் ஒருவர் இன்ட் மாறியை லாங் ஆக்கினால், நம் ஆட்டோ பயணம் மீட்டரிலிருந்து கிலோமீட்டருக்குத் தாவும். செட்ஸ்ட்ரிங் வழக்கமாக வார்ச்சார் என்று சொல்லி அனுப்பும். எனவே கன்சோலில் ஓடிய நிதியாண்டு('2025-04-01'), ஜாவாவில் ‘கேரக்டர் வேரியிங் வாங்கும் ஃபங்ஷன் இல்லை’ என்று நிற்கும். கனெக்ஷன் அமைப்பில் ‘ஸ்ட்ரிங்டைப்’ என்பதை ‘அன்ஸ்பெசிஃபைட்’ ஆக்கலாம். ஆனால் அது கனெக்ஷன் முழுவதற்கும் பொருந்தும். அழைப்பிலேயே ::டேட் என்று எழுதுவது தெளிவானது.

பைத்தானில் இன்னும் வேடிக்கை. சைகோபிஜி என்ற டிரைவரின் மூன்றாவது பதிப்பு, முழு எண்ணின் அளவைப் பார்த்துச் சிறிய டைப்பாகத் தேர்ந்து அனுப்பும். 32,767 வரை ஸ்மால்இன்ட், அதற்கு மேல் இன்டிஜர், பிறகு பிக்இன்ட். நம் கட்டணம் ஃபங்ஷனுக்கு 5,000 மீட்டரை அனுப்பினால் ஸ்மால்இன்ட்; ‘நாட் யூனிக்’. 40,000 மீட்டரை அனுப்பினால் இன்டிஜர், சரியாக ஓடும். நகருக்குள் போகும் சவாரிக்குப் பிழை, செங்கல்பட்டுப் பக்கம் போனால் பிழை இல்லை. டைப்பைப் பார்க்காமல் லாக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது பேய் வேலை போலத் தெரியும்.

## தேடல் பாதை வழியாக வரும் திருட்டு

ஓவர்லோடிங்குக்குப் பாதுகாப்பு முகமும் ஒன்று உண்டு. ஒரே சிக்னேச்சரில் இரண்டு ஸ்கீமாக்களில் ஃபங்ஷன் இருந்தால், தேடல் பாதையில் முதலில் வரும் ஸ்கீமா வெல்லும். சிக்னேச்சர் வேறானால் பாதையின் வரிசைக்கு மதிப்பில்லை. எல்லாம் சம அந்தஸ்தில் போட்டியிடும்.

ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கும் போஸ்ட்கிரெஸின் ‘லோயர்’ டெக்ஸ்டை வாங்குகிறது. ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் எழுத உரிமை உள்ள எவரும் அங்கே லோயர்(வார்ச்சார்) என்று ஒன்றை வைத்தால், வார்ச்சார் காலத்தோடு அழைக்கும் ஒவ்வொருவரும், அட்மின் உட்பட, அதை ஓட்டுவார்கள். அப்படியே பொருந்துவது அதுதானே. அட்மினின் உரிமையோடு அந்த ஃபங்ஷன் ஓடும். 2018-ல் சிவிஇ-2018-1058 என்ற எண்ணில் பதிவான பலவீனம் இதுவே. 2022-ல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து புதிய டேட்டாபேஸ்களில் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் உருவாக்கும் உரிமை நீக்கப்பட்டது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக் கொண்டுவந்த டேட்டாபேஸில் பழைய உரிமை அப்படியே தொடரும். கையால்தான் ரிவோக் செய்ய வேண்டும். ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ (அழைப்பவரின் உரிமையில் அல்லாமல் உரிமையாளரின் உரிமையில் ஓடும்) ஃபங்ஷன்களுக்கு அந்த ஃபங்ஷனிலேயே தேடல் பாதையைக் கட்டி வையுங்கள், தற்காலிகப் பொருள்களுக்கான பிஜி_டெம்ப் ஸ்கீமாவைக் கடைசியில் வைத்து.

## எப்போது ஓவர்லோட் செய்யலாம்

அர்த்தம் ஒன்றாகவே இருந்து, வாங்கும் வடிவம் மட்டும் வேறானால் செய்யலாம். மீட்டரும் கிலோமீட்டரும் அப்படியல்ல. கட்டணம்_மீ, கட்டணம்_கிமீ என்று இரண்டு பெயர் வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எண்ணிக்கையில் வேறுபடும் வடிவங்கள் டைப்பில் வேறுபடுபவற்றைவிடப் பாதுகாப்பானவை, டீஃபால்ட் கலக்காதவரை. ஒரே வகைக்குள், குறிப்பாக எண்களுக்குள், டைப்பை மட்டும் வைத்துப் பிரிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். டெக்ஸ்ட் வடிவத்தைப் பின்னாளில் சேர்ப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

ஏற்கெனவே ஓவர்லோட் ஆகிக் கிடப்பதை உடனே பிரிக்க முடியாவிட்டால், பாராமீட்டரின் பெயரைச் சொல்லி அழையுங்கள்: கட்டணம்(கி_மீ => 5). அந்தப் பெயர் இல்லாத ஃபங்ஷன் போட்டியிலிருந்தே விலகிவிடும். 5 இன்டிஜராக இருந்தும் கிலோமீட்டர் ஃபங்ஷனே ஓடும், ரூ.63.40 வரும். பாராமீட்டர்களுக்கு ஒழுங்கான பெயர் வைத்திருந்தால்தான் இது பலிக்கும். பெயரே இல்லாமல் எழுதப்பட்ட ஃபங்ஷன்களுக்குப் பின்னால் பெயர் சேர்க்கலாம், அதற்கு ரீப்ளேஸ் தடை சொல்லாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸில் பெயரின் வரம்பு 63 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும், புள்ளியும் கொம்பும் உட்பட, மூன்று பைட். ‘கட்டணம்’ மட்டுமே 21 பைட் பிடிக்கும். நீண்ட பெயர்கள் ஒரு சின்ன அறிவிப்போடு வெட்டப்படும். முதல் 21 குறியீடுகள் ஒன்றாக உள்ள இரண்டு பெயர்கள் டேட்டாபேஸுக்கு ஒரே பெயர். டைப் வேறானால் யாரும் கேட்காமலே ஓவர்லோட் உருவாகிவிடும். டைப் ஒன்றானால் இன்னும் மோசம், ரீப்ளேஸ் ஒன்றை மற்றொன்றின் மேல் எழுதிவிடும்.

இருப்பதைக் கணக்கெடுக்கும் முறை:

1. பிஜி_ப்ராக்கை எடுத்து, சிஸ்டம் ஸ்கீமாக்களை விலக்கி, ஸ்கீமாவும் பெயரும் வைத்து குரூப் செய்து, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைக் கேளுங்கள். உள் எண்ணை ‘ரெக்ப்ரொசீஜர்’ டைப்புக்கு மாற்றினால் முழு சிக்னேச்சரும் தெரியும். ‘ரெக்ப்ராக்’ உதவாது, அது பெயரை மட்டுமே காட்டும், டைப்புகளைக் காட்டாது.

2. பட்டியலில் நாம் அறிந்து வைத்தது எது, ரீப்ளேஸ் விட்டுச்சென்றது எது என்று பிரியுங்கள். மைக்ரேஷன் ஃபைல்களில் ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு கிரியேட் இருந்து டிராப் இல்லையென்றால், அது விட்டுச்சென்றதுதான்.

3. ‘டிராக்_ஃபங்ஷன்ஸ்’ அமைப்பை ‘ஆல்’ ஆக்கிச் சில நாள் விடுங்கள். எந்த வடிவம் எத்தனை முறை ஓடியது என்று பிஜி_ஸ்டாட்_யூசர்_ஃபங்ஷன்ஸ் வியூவில் உள் எண் வாரியாகத் தெரியும். அழைக்கும் குவெரிக்குள்ளேயே விரித்துச் சேர்க்கப்பட்டுவிடும் எளிய எஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் இந்தக் கணக்கில் வராது, எனவே சுழி என்று காட்டுவதை மட்டும் நம்பி நீக்காதீர்கள். மாத இறுதி ஜாப், மார்ச் 31 ஜாப் ஆகியவை அந்த நாள்களுக்குள் வந்தனவா என்றும் பாருங்கள்.

4. நீக்கும்போது டைப்போடு நீக்குங்கள்: டிராப் ஃபங்ஷன் கட்டணம்(இன்டிஜர்). 10-ஆம் பதிப்பிலிருந்து பெயர் மட்டும் சொன்னாலும் போதும்தான், ஆனால் ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும். டெஸ்ட் டேட்டாபேஸில் ஒன்றும் புரொடக்ஷனில் இரண்டும் இருந்தால், டெஸ்டில் ஓடிய அந்த வரி இரவு ரிலீஸின்போது புரொடக்ஷனில் நின்றுவிடும்.